நூற்றைந்தாம் நம்பர் ஜெட்

திலகர் திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
கூம்பு மாதிரி ஃபில்டர் ஒன்று வாங்கினேன்.
"சத்தம் தூக்கும் மேடம்" என்றான் காஜா,
சத்தத்துக்குத்தான் வாங்குகிறேன் என்பது
எப்படியோ தெரிந்து.

ஆர்எக்ஸ் நூறு. தொண்ணூற்று நாலாம் வருடத்து வண்டி.
கம்பெனிக்காரன் அதற்கொரு கறுப்புப் பெட்டி வைத்திருந்தான்.
காற்று அதில் குனிந்து நுழைந்து
நுரைப்பஞ்சில் கால் துடைத்து
ரப்பர் குழாய் வழியே கார்புரேட்டருக்குப் போகும்.
அத்தனை மரியாதை எனக்கு ஆகவில்லை.
பெட்டியைப் பரணில் எறிந்தேன்.

முறுக்கினால் பாதியில் இருமியது வண்டி.
பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு வெள்ளை.
காற்று கூடிப்போச்சு, பெட்ரோல் பத்தலை.

ஒத்தக்கடை மொட்டைமாடியில்,
இருட்டில் ஆனைமலை படுத்துக் கிடக்க,
தொண்ணூற்றைந்தாம் நம்பர் மெயின் ஜெட்டை எடுத்துவிட்டு
நூற்றைந்து போட்டேன்.
கிளிப்பை ஒரு படி இறக்கினால்
ஊசி ஒரு படி ஏறும்.
இந்த ஒரு வரி விளங்க
மூன்று ராத்திரி.
ஏர் ஸ்குரூ முழுக்க உள்ளே, ஒன்றரைச் சுற்று வெளியே,
மிச்சம் காது சொல்லும்.
நாலாம் நாள் பிளக்கில்
வறுகடலைத் தோலின் நிறம்.

பதினோரு நாள் மேலூர் ரோடு முழுக்க நான்தான்.
"கரண்டுக்காரி வர்றா டோய்"
தெருவில் திரும்புமுன்னே
கம்பத்திலிருந்து கொக்கிகள் இறங்கிவிடும்.
எல்லோரும் உத்தமர்களாய் வாசலில் நிற்பார்கள்.
நான் மீட்டரைக் குறித்துக்கொண்டு போவேன்.

பன்னிரண்டாம் நாள் கீழவளவு தாண்டிக் கோடைமழை.
முன்னே போன டிப்பரின் கல்தூசு
ஃபில்டரில் சேறாய் அப்ப
நின்ற இடம் ஆண்டிச்சி வீடு.
பாக்கி ஆயிரத்து முந்நூற்று நாற்பது.
நான் எழுதிக் கொடுத்த தாளில்தான்
போன வாரம் ஃபியூஸைப் பிடுங்கினார்கள்.

இருட்டு.
அவளுடைய செல்லில் நாலு சதவீதம் சார்ஜ் இருந்தது.
அந்த வெளிச்சத்தைத்தான் பிடித்தாள்,
ஆட்டுக்குத் தவிடு வைக்கும் ஈயச்சட்டியையும் நகர்த்தினாள்.
ஃப்ளோட் கிண்ணத்தை அதில் கவிழ்த்தேன்.
பெட்ரோலுக்கு அடியில்
தண்ணீர் தனித்தனியாய் உருண்டது,
பாதரசம்போல, யாரோடும் ஒட்டாமல்.
பைலட் ஜெட்டை வாயில் வைத்து ஊதினேன்.
அடைத்திருந்தது. ஒயரிலிருந்து ஒற்றைச் செம்பிழை உருவி
குத்தி, மறுபடி ஊதி.
உதட்டில் பெட்ரோலும் கல்லும்.

உள்ளே யாரோ இருமினார்கள்.
வண்டியைப் போல இல்லை, நீளமாக.
"கல்லுப் பட்டறை" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.
அப்புறம் கூம்பைத் தொட்டுப் பார்த்து,
"இதுக்கு மூடி கீடி ஒண்ணும் கெடையாதா?"
"இருந்துச்சு. கழட்டிட்டேன்."
"ஏன்?"
செல் அணைந்தது.
கடைசி ஸ்குருவை விரலாலேயே தேடி முடுக்கினேன்.
ஏழாவது உதைக்குப் பிடித்தது.
பணம் பற்றி அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டேன்.
தொண்ணூற்றைந்து, கிளிப் பழைய படியில்.
ஞாயிறுதோறும் நுரைப்பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அமுக்குவேன்.
முறுக்கக் கூடாது, கிழிந்துவிடும்.
வாளி சாம்பல் நிறமாகும்.
நிழலில் காயவைத்து, எண்ணெய் தொட்டுப் பிழிந்து
பெட்டிக்குள் வைத்தால் ஒரு வாரம்.
நூற்றைந்து சாவிக்கொத்தில் தொங்குகிறது.

இப்போது நான் வருவது யாருக்கும் கேட்பதில்லை.
மூன்று கொக்கி பிடித்தேன், எழுதினேன், வேலை அது.
ஆண்டிச்சி வீட்டுத் திருப்பத்தில் மட்டும்
வண்டியை நிறுத்தி
இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டு
ஹெல்மெட்டை மெதுவாகக் கழற்றுகிறேன்.